காருக்குள் சிறிய சப்வூஃபர்: வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய சிறிய சப்வூஃபரை வாங்கியவர்கள், அதைக் காரில் இணைக்கும்போது கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளிதானவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன். தாமே பொருத்த நினைப்பவர்களுக்கும், கடையில் கொடுத்துவிட்டு அருகில் நின்று பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும். இங்கே தரப்படும் அளவுகள் 12 வோல்ட் கார்களுக்கும், 50 முதல் 100 வாட் வரை உண்மையான திறன் உள்ள பெட்டிகளுக்கும் உரியவை. டிக்கியை அடைத்து நிற்கும் பெரிய அமைப்புகளுக்கு வயரின் பருமனும் ஃப்யூஸின் அளவும் வேறு.

1. பவர்டு சப்வூஃபர் என்றால் என்ன? சப்வூஃபருக்குத் தனியாக ஆம்ப் வாங்க வேண்டும் என்றுதானே சொல்வார்கள்?

சாதாரண சப்வூஃபர், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியை எழுப்பும் வெறும் ஸ்பீக்கர்தான். அதை இயக்கத் தனி ஆம்ப்ளிஃபையரும், அடைத்துவைக்க மரப்பெட்டியும் வேண்டும். பவர்டு சப்வூஃபரில் இவை மூன்றும் ஒன்றாகவே வருகின்றன. பெரும்பாலும் 6 முதல் 8 அங்குல ஸ்பீக்கர், அலுமினிய உறை, உள்ளேயே ஆம்ப், பக்கவாட்டில் சில திருகுகள் என்ற அமைப்பில் இருக்கும்.

இதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதவில் உள்ள ஸ்பீக்கர்கள் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துவிடுகின்றன. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி எழுப்பும் ஒலி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அந்த இடைவெளியை நிரப்புவதே இந்தச் சிறிய பெட்டியின் வேலை. தெருமுனையில் நிற்பவருக்கும் அதிர வேண்டும் என்று விரும்புபவர் இதை வாங்கினால் ஏமாந்துபோவார்.

2. பெட்டியின் மேல் 160 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. என் சின்ன காரின் பேட்டரி தாங்குமா?

தாங்கும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது உச்சத் திறன். கையேட்டில் ஆர்எம்எஸ் என்று சிறிய எழுத்தில் இருப்பதே தொடர்ந்து தரக்கூடிய திறன். 160 வாட் என்று விற்கப்படும் பெட்டிகளில் இது பெரும்பாலும் 50 முதல் 75 வாட்டுக்குள் இருக்கும். 75 வாட் என்றே கொள்வோம். இவ்வகைப் பெட்டிகளில் உள்ள டி வகை ஆம்ப், இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை ஒலியாக்கத் தருகிறது. ஆகவே பேட்டரியிடம் கேட்பது 94 வாட். இன்ஜின் ஓடும்போது உள்ள 13.8 வோல்ட்டில் இது 7 ஆம்பியருக்குள் அடங்கும்.

ஹாலஜன் முகப்பு விளக்குகள் இரண்டும் லோ பீமில் 110 வாட் எடுப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய சுமை இல்லை என்பது தெரியும். மேலும் இசையில் தாழ்ந்த ஒலி விட்டுவிட்டுத்தான் வருகிறது. சராசரி மின்னோட்டம் இதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் பாட்டுக் கேட்பது மட்டும் வேண்டாம். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி உள்ள சிறிய கார்களில் மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காமல் போகலாம்.

3. மொத்தம் எத்தனை வயர் இழுக்க வேண்டும்?

நான்கு வகை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து வரும் பவர் வயர், காரின் உலோக உடலுக்குச் செல்லும் எர்த் வயர், ஸ்டீரியோ இயங்கும்போது மட்டும் பெட்டியை எழுப்பும் மெல்லிய ரிமோட் வயர், ஒலியைக் கொண்டுவரும் வயர். ஒலி வயர் ஆர்சிஏவாக, அதாவது ஸ்டீரியோவின் பின்னால் உள்ள வட்டத் துளையில் செருகும் ஒலிக் கேபிளாக இருக்கலாம், ஸ்பீக்கர் வயரிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். பல பெட்டிகளுடன் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் சிறிய குமிழும் அதற்குரிய கேபிளும் வரும். வாகனம் ஓட்டும்போது கைக்கெட்டும் இடத்தில் அதைப் பொருத்தச் சொல்லுங்கள். பாட்டுக்குப் பாட்டு பேஸ் மாறுவதால் அது தினமும் தேவைப்படும்.

4. முன் இருக்கைக்கு அடியிலா, டிக்கியிலா, எங்கே வைப்பது நல்லது?

இடம் இருந்தால் முன் இருக்கைக்கு அடியில் வைப்பதே நல்லது. வயரின் நீளம் குறையும், டிக்கி காலியாக இருக்கும், எர்த்துக்கு உலோகத் தரையும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். இருக்கையை மிகத் தாழ்த்தி, பின்னால் முழுவதும் தள்ளி, ஒருவரை உட்காரவைத்த பிறகே அளக்க வேண்டும். இவ்வகைப் பெட்டிகள் 7 முதல் 8 சென்டிமீட்டர் உயரம் உள்ளவை. மேலே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பின்னிருக்கைக் கால்பகுதிக்குக் காற்றுக் கொண்டுசெல்லும் ஏசி குழாய் சில கார்களில் முன் இருக்கைக்கு அடியில்தான் போகிறது. அதை அடைத்துவிடக் கூடாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று ஈரம். ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முன் பயணியின் கால்பக்கக் கம்பளத்தில்தான் இறங்கும். சென்னை போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீர் கதவின் அடிப்பகுதி வழியாகவும் உள்ளே வருவதுண்டு. பெட்டியை நேராகக் கம்பளத்தின் மேல் வைக்காமல், அதனுடன் வரும் தாங்கிகளில் சற்று உயர்த்திப் பொருத்துவது நல்லது.

5. ஸ்டீரியோவுக்குப் பின்னால் மஞ்சள் வயரிலேயே 12 வோல்ட் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்தால் என்ன? கடைக்காரர் சிகரெட் லைட்டர் பாயின்ட்டிலிருந்துகூட எடுக்கலாம் என்கிறார்.

இரண்டும் வேண்டாம். மஞ்சள் வயர் ஸ்டீரியோவுக்கு என்று கணக்கிட்டுப் போடப்பட்ட மெல்லிய வயர். அதன் ஃப்யூஸ் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதே வயரில் ஸ்டீரியோவும் சப்வூஃபரும் தொங்கினால், பாட்டின் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஸ்டீரியோவுக்கு வரும் மின்னழுத்தம் சரியும். ஃப்யூஸும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். சில கார்களில் அந்த ஃப்யூஸோடு உள்விளக்கு, கடிகாரம், சென்ட்ரல் லாக் போன்றவையும் சேர்ந்தே நின்றுவிடும்.

லைட்டர் பாயின்ட்டில் ஏற்கெனவே கைபேசி சார்ஜரும் டேஷ்கேமும் இருக்கும். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க அரை மணி நேரம் கூடுதலாகும் என்பதற்காகத்தான் கடைகளில் இந்தக் குறுக்குவழியைச் சொல்கிறார்கள். கூலி சிறிது கூடினாலும் தனி வயரே போடச் சொல்லுங்கள்.

6. எந்த வயர் வாங்குவது? வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் வயர் கிடக்கிறது, அது போதாதா?

கணக்குப்படி அது பழுதில்லை. பேட்டரியிலிருந்து முன் இருக்கை வரை 4 மீட்டர் என்று வைத்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை 0.028 ஓம், 8 ஆம்பியர் ஓடும்போது 0.22 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இந்த இழப்பு 0.14 வோல்ட்டாகக் குறையும். இரண்டும் ஏற்கத்தக்கவையே. ஆனால் வீட்டு வயரின் உறை இன்ஜின் அறையின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் என்று செய்யப்பட்டதன்று. வாகனங்களுக்கு என்றே விற்கப்படும் 4 சதுர மில்லிமீட்டர் மல்டிஸ்ட்ராண்ட் செம்பு வயரை வாங்கி, நெளிவுக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவருவதே என் பரிந்துரை. கேஜ் கணக்கில் கேட்டால் 10 கேஜ் என்பது 5.3 சதுர மில்லிமீட்டர். அது தாராளமாகப் போதும்.

வயரிங் கிட் என்று பளபளப்பான பையில் விற்பதை வாங்கும்போது, உள்ளே இருப்பது செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று பாருங்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது பூச்சு வயர். அதன் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 63 விழுக்காடுதான். 4 ஸ்கொயர் என்று வாங்கினாலும் 2.5 ஸ்கொயர் செம்பின் வேலையைத்தான் செய்யும். இதைவிடத் தொல்லை, அதன் முனை ஈரத்தில் பொடிந்துபோவது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கும். விலையில் உள்ள வேறுபாட்டைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாமல் செம்பையே கேட்டு வாங்குங்கள். பெட்டியை ஒரு படி குறைத்து வாங்கினாலும் வயரில் குறைக்க வேண்டாம்.

7. ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே வைப்பது? பெட்டியிலேயே ஒரு ஃப்யூஸ் இருக்கிறதே?

பெட்டியில் உள்ள ஃப்யூஸ் பெட்டிக்கானது. நீங்கள் புதிதாக வைப்பது வயரைக் காக்க. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் வழியில் எங்காவது தகட்டின் விளிம்பு வயரின் உறையைத் தேய்த்து உள்ளே இருக்கும் செம்பு உடலைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் பாய்ச்சும். வயர் சில நொடிகளில் பழுத்து, உறை எரியத் தொடங்கும். பெட்டிப் பக்கத்து ஃப்யூஸ் அந்த இடத்தைத் தாண்டி இருப்பதால் எதுவும் செய்யாது. ஆகவே பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், முடிந்தால் அதைவிட அருகில், நீர் புகாத உறைக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும்.

கையேட்டில் பெட்டிக்கு 10 ஆம்பியர் என்று இருந்தால் பேட்டரி அருகே 15 ஆம்பியர் போதும். பிளேடு வகை ஃப்யூஸில் 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. வேலை முடியும்வரை இந்த ஃப்யூஸைக் கழற்றியே வைத்திருங்கள். எல்லா இணைப்புகளையும் சரிபார்த்த பிறகு கடைசியாகச் செருகுவது இதுவாகவே இருக்கட்டும்.

8. பவர் வயரை உள்ளே கொண்டுவர ஓட்டை போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பில், காரின் சொந்த வயர்க்கட்டு நுழையும் இடத்தில் ஒரு பெரிய ரப்பர் புஷ் இருக்கும். பானெட் திறக்கும் கேபிளுக்கும் ஒன்று இருக்கும். ரப்பரின் ஓரத்தில் சிறிய துளையிட்டு, விறைப்பான கம்பியின் நுனியில் வயரை டேப்பால் கட்டி இழுத்துக்கொள்ளலாம். துளையிடும்போது கூர்முனை உள்ளே இருக்கும் வயர்க்கட்டைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இழுத்த பிறகு சிலிக்கான் பசையால் அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மழைநீரும் இன்ஜின் வாடையும் உள்ளே வரும்.

உள்ளே வந்த வயர், பிரேக், கிளட்ச் பெடல்களின் பாதையில் தொங்கவே கூடாது. அங்கிருந்து கதவடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டைக்குக் கீழே கொண்டுபோய் இருக்கைக்குச் சேர்க்கலாம்.

9. எர்த்தை எங்கே கொடுப்பது? சீட் போல்ட்டில் மாட்டினால் போதாதா?

சப்வூஃபர் சார்ந்த கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி எர்த்தில்தான் முடிகிறது என்பதால் இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். பவர் வயரில் போகும் மின்னோட்டம் முழுவதும் எர்த் வழியாகத்தான் திரும்புகிறது. ஆகவே எர்த் வயரும் அதே பருமனில், 45 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். காரின் வயரிங்குக்காகவே தயாரிப்பாளர் வைத்திருக்கும் எர்த் போல்ட் அருகில் இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் தரைத் தகட்டோடு வெல்டு செய்யப்பட்ட நட்டில் இறங்கும் வேறொரு போல்ட்டைத் தேடலாம்.

சீட் போல்ட்டில் மாட்டுவது பரவலான பழக்கம். அதில் சிக்கல்கள் உண்டு: போல்ட்டின் மேல் திருகு தளராமல் இருக்கப் பசை பூசியிருப்பார்கள், இருக்கையின் காலுக்கு வண்ணப்பூச்சு இருக்கும், வயர் முனையில் மாட்டும் உலோக வளையமான லக்கைச் செருகியதால் இறுக்கமும் மாறும். வேறு வழியே இல்லையென்றால்தான் அதை எண்ண வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. விபத்தில் உயிரைத் தாங்கும் போல்ட் அது.

எந்த இடமானாலும், லக் அமரும் வட்டத்தில் உள்ள பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சிடச் செய்யுங்கள். வயரை வளைத்துப் போல்ட்டில் சுற்றாமல், அளவான லக்கில் நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து), பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலே சிறிது கிரீஸ் அல்லது பெயின்ட் தடவினால் துரு பிடிக்காது. பின்னர் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து பேட்டரியின் மைனஸுக்கும் லக்குக்கும் இடையே பார்த்து, 0.3 ஓம் வருகிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. சாதாரண மீட்டரின் கம்பிகளே அவ்வளவு காட்டும். இந்தச் சோதனை எதையும் நிறுவாது. சரியான சோதனையை 16ஆம் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

10. ரிமோட் வயர் எதற்கு? அதையும் பவர் வயரோடு சேர்த்து முறுக்கிவிட்டால் என்ன ஆகும்?

அப்படிச் சேர்த்தால் பெட்டி எப்போதும் விழித்தே இருக்கும். ஒலி எதுவும் இல்லாதபோதும் உள்ளே உள்ள ஆம்ப் அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். வெள்ளி இரவு நிறுத்திய காரை ஞாயிறு மாலையில் எடுக்கப்போனால் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் போயிருக்கும். ரிமோட் வயரில் 12 வோல்ட் வந்தால் எழுந்திரு, நின்றால் உறங்கு என்பதே அதன் பொருள். வெளியே வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவில் இதற்கு நீலத்தில் வெள்ளைக் கோடிட்ட வயர் இருக்கும். அது சைகை வயர் மட்டுமே. அதிலிருந்து விளக்கு, மின்விசிறி எதையும் ஓட்டக் கூடாது. அப்படி வயர் இல்லாத ஸ்டீரியோவாக இருந்தால், சாவியை ஏசிசி நிலைக்குத் திருப்பும்போது மின்சாரம் வரும் சிவப்பு வயரிலிருந்து ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

11. கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்சிஏ இல்லை. சப்வூஃபருக்காக ஸ்டீரியோவையே மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. பெரும்பாலான பவர்டு சப்வூஃபர்களில் ஹை லெவல் இன்புட் என்றொரு வழி இருக்கிறது. பின்பக்கக் கதவு ஸ்பீக்கருக்குச் செல்லும் வயரில் கிளை எடுத்து அதில் கொடுத்தால் போதும். பெட்டி அந்த வயரிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால், ஸ்டீரியோவுக்கோ கதவு ஸ்பீக்கருக்கோ கூடுதல் சுமை இல்லை. வெளிச்சந்தை ஸ்டீரியோக்களில் இடது பின் ஸ்பீக்கர் பச்சை, வலது பின் ஸ்பீக்கர் ஊதா. ஒவ்வொன்றிலும் கருப்புக் கோடு உள்ளது மைனஸ். கம்பெனி ஸ்டீரியோவில் இந்த நிறங்களை நம்பக் கூடாது. அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

இந்த வழியில் இன்னொரு வசதியும் உண்டு. இன்றைய ஸ்டீரியோக்களின் ஸ்பீக்கர் வயர்கள் இரண்டிலும், ஸ்டீரியோ இயங்கும்போது பேட்டரி அளவில் பாதி, அதாவது 6 வோல்ட் போல நிற்கும். பல பெட்டிகள் அதைக் கண்டுகொண்டு தாமாகவே எழும் என்பதால் ரிமோட் வயரே வேண்டியிருக்காது. இதே காரணத்தால் ஸ்பீக்கரின் மைனஸ் வயரை ஒருபோதும் எர்த்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஸ்டீரியோவின் உள் ஆம்ப் போய்விடும்.

12. வயரை வெட்டினால் வாரன்டி போய்விடும் என்கிறார்களே?

வெட்டாமலே செய்ய முடியும். ஸ்டீரியோவின் பின்னால் உள்ள கப்ளருக்கும் காரின் கப்ளருக்கும் நடுவே செருகும் இடைவயர், பெரும்பாலான கார்களுக்கு மாடல் வாரியாகக் கிடைக்கிறது. அதில் கிளை எடுத்தால் காரின் சொந்த வயர் தொடப்படாமலே இருக்கும், விற்கும்போது கழற்றிவிடலாம். சர்வீஸ் மையத்தில் மின்சாரக் கோளாறு என்று போகும்போது அவர்கள் முதலில் தேடுவது வெட்டி ஒட்டிய டேப்பைத்தான்.

காப்பீட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் பொருத்தி வராத மின்பொருள்களின் விலையைத் தனியாகத் தெரிவித்திருந்தால்தான் அவற்றுக்கு இழப்பீடு கேட்க முடியும். இந்திய மோட்டார் டாரிஃபில் இதற்கு ஐஎம்டி 24 என்ற பிரிவு உண்டு. கூடுதல் பிரீமியம் பொருளின் விலையில் ஆண்டுக்கு 4 விழுக்காடு. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு 400 ரூபாய். எல்லாருக்கும் இது தேவைப்படாது என்பது என் கருத்து.

13. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் இருக்கிறது. கழற்றினால் கை நன்றாக நுழையும். கழற்றலாமா?

கழற்ற வேண்டாம். மஞ்சள் கப்ளர் என்றால் ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இறுக்கியின் வயர். சாவி ஆனில் இருக்கும்போது அதைப் பிரித்தால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். பல கார்களில் ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க முடியும். இருக்கையையே இறக்க வேண்டிய கட்டாயம் வந்தால், பேட்டரியின் மைனஸைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே தொட வேண்டும். ஏர்பேக் கருவிக்குள் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். சப்வூஃபரை நிலைநிறுத்தும் திருகு எதையும் தரையில் குருட்டாம்போக்கில் துளையிட்டு இறக்கவும் கூடாது. கீழே பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன.

14. பெட்டியில் கெயின், எல்பிஎஃப், ஃபேஸ், பேஸ் பூஸ்ட் என்று நான்கு இருக்கின்றன. எதை எங்கே வைப்பது?

எல்பிஎஃப் என்பது எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும் என்று சொல்வது. 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஆண்குரல் சப்வூஃபரிலிருந்து கேட்டால் இன்னும் குறைக்க வேண்டும். ஸ்டீரியோவில் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் வசதி இருந்தால் கதவு ஸ்பீக்கர்களுக்கும் 80 என்றே வையுங்கள். தாழ்ந்த ஒலியின் சுமை நீங்கியதும் அவை எவ்வளவு தெளிவாகப் பாடுகின்றன என்பது வியப்பளிக்கும்.

கெயின் ஒலியளவுக் குமிழன்று. ஸ்டீரியோ தரும் சைகையின் அளவுக்குப் பெட்டியை இசைவிப்பது. ஈக்வலைசரைச் சமநிலையில் வைத்து, பேஸ் பூஸ்ட்டைச் சுழியமாக்கி, ஸ்டீரியோவை அதன் உச்சத்தில் முக்கால் பங்கு வையுங்கள். கெயினைக் குறைந்த அளவிலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே போய், அடி உருக்குலைந்து கரகரக்கும் இடம் வந்ததும் சற்றுப் பின்வாங்குங்கள். அதன் பிறகு கதவு ஸ்பீக்கரோடு ஒத்துப்போகும் அளவுக்குக் கைக்குமிழால் குறைத்துக்கொள்ளலாம்.

ஃபேஸுக்கு 0, 180 என இரண்டு நிலைகள். கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒன்றாக முன்னே தள்ளுகின்றனவா, எதிரெதிராக இழுக்கின்றனவா என்பதை இது முடிவு செய்யும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, அடி நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, இன்னொருவரை மாற்றச் சொல்லுங்கள்; எந்த நிலையில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. பேஸ் பூஸ்ட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. 6 டெசிபல் கூட்டினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட் கேட்கும். சிறிய ஆம்பிடம் அவ்வளவு இருக்காது.

15. சப்வூஃபர் போட்ட பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 'ஊய்ங்' என்று சத்தம் ஏறி இறங்குகிறது. பெட்டி பழுதா?

பெட்டி பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். டைனமோ என்று நம் மெக்கானிக்குகள் அழைக்கும் ஆல்டர்னேட்டரின் சீழ்க்கை உயர்ந்த ஒலி. 80 ஹெர்ட்ஸில் வெட்டப்பட்ட சப்வூஃபரால் அதை எழுப்ப முடியாது. பெரும்பாலும் அது கதவு ஸ்பீக்கர்களில்தான் கேட்கும். ஸ்டீரியோவின் எர்த் ஓரிடத்தில், பெட்டியின் எர்த் வேறோரிடத்தில். இரண்டுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஆர்சிஏ கேபிளின் வெளிவலை வழியாக ஓடி, ஸ்டீரியோவுக்குள் நுழைந்து சத்தமாகிறது.

பெட்டியில் ஆர்சிஏவை மட்டும் உருவிப் பாருங்கள். சத்தம் நின்றால் மேலே சொன்ன எர்த் சுற்றுதான் (கிரவுண்டு லூப்) காரணம். முதலில் 9ஆம் பதிலின்படி பெட்டியின் எர்த்தைச் சீர்செய்யுங்கள், பிறகு ஸ்டீரியோவின் எர்த்தைப் பாருங்கள். உருவியும் நிற்கவில்லை என்றால் ஸ்டீரியோவை வெளியே எடுத்தபோது அதன் எர்த்தோ ஆன்டெனா இணைப்போ தளர்ந்திருக்கும். பவர் வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பிரித்து எதிரெதிர்க் கதவோரமாகக் கொண்டுவாருங்கள்.

கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சிறு குப்பியைக் கடையில் தருவார்கள். சத்தம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மலிவான ஐசோலேட்டருக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த ஒலியைத்தான் முதலில் விழுங்கும். பேஸுக்காகப் பெட்டி வாங்கிவிட்டு பேஸை வடிகட்டுவதில் பொருள் இல்லை. ஹை லெவல் வழியில் இணைத்த கார்களில் இந்தத் தொல்லை அரிது.

16. ஒலியைக் கூட்டினால் சப்வூஃபர் அணைந்து அணைந்து வருகிறது. சில சமயம் ஹெட்லைட்டும் மங்குகிறது.

மின்னழுத்தம் சரிந்து பெட்டி தன்னைக் காத்துக்கொள்கிறது. எங்கே சரிகிறது என்பதை மல்டிமீட்டர் சொல்லிவிடும். இன்ஜினை ஓடவிட்டு, அடி நிறைந்த பாட்டைப் போட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பெட்டியின் பவர் முனையிலும் வையுங்கள். காட்டும் அளவே பவர் வயரில் இழப்பது. அதேபோல் பேட்டரியின் மைனஸுக்கும் பெட்டியின் எர்த் முனைக்கும் இடையே பாருங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பவர் பக்கம் கூடுதலாக இருந்தால் மெல்லிய வயர், தளர்ந்த ஃப்யூஸ் பிடி, சரியாக அழுத்தாத லக். எர்த் பக்கம் கூடுதலாக இருந்தால் சுரண்டாத பெயின்ட்.

இரண்டுமே குறைவாக இருந்தும் பெட்டி அணைகிறது என்றால் பேட்டரியின் மேலேயே அளந்து பாருங்கள். ஓடும் இன்ஜினில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். 2ஆம் பதிலில் கண்டபடி இந்தச் சிறிய சுமை ஹெட்லைட்டை மங்கச் செய்யக் கூடாது. மங்கினால் பேட்டரியோ டைனமோவோ ஏற்கெனவே களைத்திருக்கிறது. கெப்பாசிட்டர் போட்டால் சரியாகும் என்று சொல்வதைக் கேட்க வேண்டாம்.

17. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. 30 ஆம்பியர் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. காரணம் 7ஆம் பதிலில் இருக்கிறது. ஃப்யூஸ் போவது எங்கோ வயர் தேய்கிறது என்ற அறிவிப்பு. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போது அதன் தண்டவாளம் வயரை நசுக்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

18. எஃப்எம் கேட்கும்போது சப்வூஃபர் வேலை செய்கிறது. ப்ளூடூத்துக்கு மாறினால் ஊமையாகிவிடுகிறது.

ரிமோட் வயரை முழு நீல வயரில் இணைத்திருக்கிறார்கள். அது மின்சார ஆன்டெனாவை உயர்த்துவதற்கானது. பல ஸ்டீரியோக்களில் வானொலி ஓடும்போது மட்டுமே அதில் மின்சாரம் இருக்கும். 10ஆம் பதிலில் சொன்ன வெள்ளைக் கோடிட்ட நீல வயருக்கு மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் நிறம் மாறுபடும்; வயரின் மேல் ஆம்ப் என்றும் ஆன்டெனா என்றும் தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள்.

19. கம்பெனி ஸ்டீரியோவில் ஒலியைக் கூட்டக் கூட்ட பேஸ் குறைவதுபோல் இருக்கிறதே?

பிரமை இல்லை. கதவில் உள்ள மெல்லிய ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க, உயர்ந்த ஒலியளவில் தாழ்ந்த அதிர்வெண்ணைத் தானாகவே குறைக்கும்படி பல கம்பெனி ஸ்டீரியோக்களில் அமைத்திருக்கிறார்கள். ஹை லெவல் இணைப்பில் சப்வூஃபருக்கும் அந்தக் குறைந்த சைகையே வரும். நடுத்தர ஒலியளவில் கெயினைச் சற்றுக் கூட்டி அமைத்துக்கொள்வதே எளிய வழி. முழுவதும் தீர வேண்டுமானால் ஸ்டீரியோவை மாற்றத்தான் வேண்டும்.

20. என் காரில் சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும். பேட்டரி மைனஸில் ஒரு கருப்புக் கட்டையும் அதிலிருந்து சிறு வயரும் இருக்கின்றன. அங்கே எர்த் கொடுக்கலாமா?

அந்தக் கட்டை, பேட்டரிக்குள் போகும், வரும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் சென்சார். அதற்கு முன்னால், பேட்டரி முனையிலேயே எர்த்தைக் கொடுத்தால் சப்வூஃபர் எடுக்கும் மின்னோட்டம் கணக்கில் வராது. பேட்டரி நிறைவாக இருக்கிறது என்று கார் தவறாக முடிவு செய்யும். எப்போதும்போல் உடல் தகட்டில் எர்த் கொடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. மாருதியின் ஸ்மார்ட் ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் முன் பயணியர் இருக்கைக்கு அடியில் இரண்டாவதாக ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும். அங்கே பெட்டிக்கு இடமில்லை. அந்தப் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதும் கூடாது.

21. மின்சார காரில் போடலாமா?

போடலாம். மின்சார கார்களிலும் விளக்கு, ஸ்டீரியோ போன்றவற்றுக்கு 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது; முறையும் மேலே சொன்னதுதான். ஆரஞ்சு நிற உறையுள்ள கேபிள் எதையும் தொடக் கூடாது. அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். ரிமோட் வயரில் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரி வடிந்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் ஆன் ஆகாது.

22. என்னிடம் இருப்பது 24 வோல்ட் லாரி. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாம்தானே?

எடுத்தால் ஓடும்; ஆனால் பேட்டரிகள் வீணாகும். தொடராக இணைந்த இரண்டில் ஒன்று மட்டும் வடிந்துகொண்டே இருக்கும். டைனமோ இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்வதால், வடிந்தது ஒருபோதும் நிறையாது, மற்றது அளவுக்கு மேல் நிறைந்து கொதிக்கும். 24 வோல்ட்டை 12 ஆக்கும், தொடர்ந்து 15 ஆம்பியர் தரக்கூடிய கன்வெர்ட்டர் ஒன்றைத் தனியாகப் பொருத்துங்கள். ஸ்டீரியோவுக்கு ஏற்கெனவே இருக்கும் சிறிய கன்வெர்ட்டர் இதற்குப் போதாது. கன்வெர்ட்டரின் இரு பக்கமும் ஃப்யூஸ் வேண்டும்.

ரிமோட் வயரை இணைக்கும் முன் அதில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்துவிடுங்கள். ஸ்டீரியோ 24 வோல்ட்டில் நேராக ஓடுவதாக இருந்தால் ரிமோட்டிலும் 24 வரக்கூடும். அதைப் பெட்டிக்குக் கொடுத்தால் முதல் நாளே கருகும். அப்படியானால் ஒரு 24 வோல்ட் ரிலேயின் சுருளை அந்த வயரால் இயக்கி, ரிலேயின் தொடுமுனை வழியாகக் கன்வெர்ட்டரின் 12 வோல்ட்டைப் பெட்டியின் ரிமோட் முனைக்குக் கொடுங்கள்.